மாடு பார்க்காத பக்கம்

போன வாரம் தனம் போன் பண்ணினாள். நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது மரத்துக்கு மரம் கேமரா வைத்துவிட்டார்களாம். எந்த மாடு எங்கே மேய்கிறது, எங்கே படுக்கிறது எல்லாம் ஆபீசில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமாம்.

"நல்லதுதானே, கால்வலி மிச்சம்" என்றேன்.

"இன்னா நல்லது? மாடு தெரியுதுக்கா, கன்னு தெரியல. கன்னு போட்ட மாடு கேமராவையே மொறைச்சுப் பாத்துக்கினு நிக்குதாம்" என்று சிரித்தாள். அப்புறம், "நீ எழுதறேன் எழுதறேன்னு சொல்லிக்கினே கீறியே, அதை எழுதேன். இப்ப கீற பொம்பளைங்க படிக்கட்டும்" என்றாள்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கூட்டிக் கூட்டித்தான் எழுத வேண்டும். ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. மாடு எதையும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

அடையாறில் ஆற்றை ஒட்டி, மதில் போட்ட பெரிய தோட்டம் அது. ஒரு தர்ம டிரஸ்டுக்குச் சொந்தம். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், உள்ளே நாட்டுப் பசுக்கள் மேயும். புளியமரம், பனை, மாமரம், ஆள் மறைகிற புதர், ஆற்றோரம் நாணல் எல்லாம் உண்டு. பால் முழுவதும் டிரஸ்டு நடத்திய முதியோர் இல்லத்துக்கும் பிள்ளைகள் விடுதிக்கும் போகும். என் வீட்டுக்காரர் போன பிறகு, மயிலாப்பூரில் குளத்துப் பக்கத்துச் சந்திலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கே சேர்ந்தேன். சாணி அள்ளத்தான் சேர்த்தார்கள். பிறகு பால் கறந்தேன். பிறகு கன்று தேடினேன். சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் எல்லோருக்கும் பழகிவிடும். கன்று தேடுவது எனக்கு வந்த மாதிரி அங்கே யாருக்கும் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

கொட்டகையிலேயே கட்டிக் கிடக்கிற சீமை மாடு அதே இடத்தில் கன்று போட்டுவிட்டு நம்மைப் பார்க்கும். காலாற மேய்கிற நாட்டு மாடு அப்படி இல்லை. நாள் நெருங்கினால் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். எங்கேயோ போய்ப் போட்டு, நக்கித் துடைத்து, நஞ்சுக்கொடியையும் தின்றுவிட்டு, கன்றைப் படுக்க வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வந்து கூட்டத்தோடு புல் மேயும். வயிறு ஒட்டியிருக்கும், வாலில் கறை இருக்கும். கன்று எங்கே என்றால் வானத்தைப் பார்க்கும்.

அந்தக் கன்றும் லேசுப்பட்டது இல்லை. கழுத்தைத் தரையோடு நீட்டி, காதை மடக்கிக்கொண்டு கல் மாதிரி கிடக்கும். நாம் பக்கத்தில் மூச்சு விட்டாலும் அசையாது, கத்தாது. தாய் வந்தால்தான் எழுந்திருக்கும். காட்டில் புலிக்குப் பயந்து வந்த பழக்கம் என்று சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் புலி இல்லை. ஆற்றோரத்து நாய்கள் இருந்தன. தொப்புளைக் கொத்துகிற காக்கை இருந்தது, கட்டெறும்பு இருந்தது. அதனால் கன்று போட்ட அன்றைக்கே தேடிப் பிடித்து, தொப்புளுக்கு மருந்து வைத்து, தாயோடு கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் வேலை.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஹமீது சார். திருவல்லிக்கேணியில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். மாட்டு ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு தோட்டத்துக்கு மேனேஜராக வந்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எங்களையும் வாங்க போங்க என்பார், மாட்டையும் வாங்க போங்க என்பார். "லட்சுமி இன்னிக்கு சாப்பிடலியா? இன்னா ஆச்சாம் அவங்களுக்கு?" என்று கேட்பார். புதிதாக வருகிறவர்கள் லட்சுமி யாரோ டிரஸ்டு அம்மா என்று நினைத்துக்கொள்வார்கள்.

கன்று காணோம் என்று யாராவது ஓடிவந்தால், அவர் முதலில் டீ சொல்லுவார். கோபம் கோபமாக வரும் எனக்கு. கன்று எங்கேயோ கிடக்கிறது, இவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறாரே என்று. அப்புறம்தான் புரிந்தது. பதறிக்கொண்டு நாலு பக்கமும் ஓடினால் மாடு உஷாராகிவிடும். நம்மைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டே போகும். டீ குடித்துவிட்டுப் போனால் நம் நடையே மாறிவிடும்.

போகிற விதம் ஒன்று உண்டு. கையில் கம்பு கூடாது. பால் கறக்கிற பழைய புடவையோடுதான் போக வேண்டும், அந்த வாசனை மாட்டுக்குத் தெரியும். பூ வைத்துக்கொள்ளக் கூடாது. மாட்டின் முகத்தைப் பார்க்கக் கூடாது. கீரை பறிக்கிறவள் மாதிரி, சுள்ளி பொறுக்குகிறவள் மாதிரி குனிந்து நிமிர்ந்து போக வேண்டும். எங்கேயாவது உட்கார்ந்து மாட்டைக் கடைக்கண்ணால் மட்டும் கவனிக்க வேண்டும். மடியில் பால் கட்டினால் அதற்கும் வலிக்கும், கன்றிடம் போயே ஆக வேண்டும். ஆனால் ஒரு கண் தன்மேல் இருக்கிறது என்று தெரிந்தால் போகாது. வலியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். நான் கண்டுபிடித்தது ஒன்று இருக்கிறது: மாடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கன்று இருக்காது. மற்ற எல்லாப் பக்கமும் திரும்பும், ஒரு பக்கம் மட்டும் திரும்பாது. அதுதான் பக்கம்.

கன்று கிடைத்த சேதி எப்படித்தான் வெளியே போகுமோ தெரியாது. மறுநாள் காலை மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி டிபன் பாக்சோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவார்.

"ஏண்டிம்மா சகுந்தலா, மாடு கன்னு போட்டுடுத்தாமே? ஆத்துல குழந்தைகள் சீம்பால் சீம்பால்னு பிராணனை வாங்கறதுகள். ஒரு டம்ளர் கிடைக்குமோ?"

"கன்னு இன்னும் குடிக்கணுமே மாமி."

"அது எவ்வளவு குடிச்சுடப்போறது? தம்மாத்தூண்டு வயிறு!"

ஹமீது சார் உள்ளேயிருந்து வந்து, "மாமி, அவங்க முதல்ல. நீங்க அப்புறம்" என்று கன்றைக் காட்டிச் சொல்லுவார். மாமிக்கு ஒரு ஸ்டூல் போட்டு, வெயில் படாமல் உட்கார வைத்து, பேச்சுத் துணைக்குத் தானும் நிற்பார். மாமி ஒரு தடவைகூட வெறும் பாக்சோடு போனது கிடையாது. கன்று ஒரு தடவைகூடப் பட்டினி கிடந்தது கிடையாது. அப்படி ஒரு மனுஷன்.

இனி நீலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீலா சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பார்க்க லட்சணம். எங்கள் தோட்டத்திலேயே பெரிய கள்ளி அவள்தான். முதல் கன்றை மதில் ஓரம் எங்கேயோ ஒளித்தாள், நாய்கள் எங்களுக்கு முன்னால் போய்விட்டன. இரண்டாவதை ஆற்றோர நாணலில் வைத்தாள், கடல் தண்ணீர் ஏறி வருகிற நாள் அது. வற்றிய பிறகுதான் பார்த்தோம். அந்தத் தடவை அவள் மூன்று நாள் நாணல் பக்கமே நின்று கத்தினாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

டிரஸ்டு கமிட்டியில் பேச்சு வந்தது. கன்றைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத மாடு எதற்கு, விற்றுவிடலாம் என்றார்கள். ஹமீது சார்தான் கெஞ்சி, இன்னொரு கன்று போடட்டும், ஒரு ஈத்துப் பார்ப்போம், அதுவும் போனால் அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை மாற்றுகிறவர் இல்லை அவர்.

மூன்றாவது ஈத்துக்கு நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். மடி இறங்கிவிட்டது, வாலடியில் பள்ளம் விழுந்துவிட்டது. இன்றோ நாளையோ என்று கொட்டகையில் கட்டியும் போட்டோம். காலையில் போய்ப் பார்த்தால் அறுந்த கயிறுதான் கிடக்கிறது. நீலா புளியமரத்தடியில் வயிறு ஒட்டிப்போய் நிற்கிறாள்.

நேரம் பார்த்து வந்ததுபோல, மறுநாள் காலை மாட்டு வியாபாரியின் லாரி வருவதாக இருந்தது. இரண்டு காளைகளை ஏற்றிப்போக வேண்டும். வியாபாரி காலையிலேயே போன் பண்ணி, நீலாவையும் ஏற்றுவதா வேண்டாமா, சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றுவிட்டான். அந்த லாரி எங்கே போகும் என்று எங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும்.

ஹமீது சார் டீ சொன்னார். அன்றைக்கு அவரே குடிக்கவில்லை. "சகுந்தலாம்மா, வாக்கு கொடுத்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் நான் போனை எடுக்க மாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

அந்த வாரம் பார்த்து தோட்டத்தில் சினிமாக்காரர்களும் இருந்தார்கள். டிரஸ்டு எப்போதாவது படம் எடுக்க இடம் கொடுக்கும். கோடம்பாக்கத்திலிருந்து ஆட்கள் வந்து, பனை ஓரமாக ஐந்து குடிசை போட்டிருந்தார்கள். முன்னால் பார்த்தால் கிராமம். பின்னால் போனால் வெறும் மூங்கில் சாரமும் வைக்கோல் கட்டும்தான். அன்று சாயங்காலம், சூரியன் சாய்கிற வெளிச்சத்தில், ஐந்தையும் கொளுத்திப் படம் எடுப்பதாக ஏற்பாடு. கதாநாயகன் மறுநாள் வேறு ஊருக்குப் போகிறாராம். விட்டால் அவ்வளவுதானாம். இருநூறு பேருக்குக் குறையாத கூட்டம், ஜெனரேட்டர் சத்தம், தண்ணி லாரி.

நாங்கள் காலையிலிருந்து தேடினோம். நீலா நாணல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். தனமும் மற்றவர்களும் போன தடவை நினைப்பில் நாணலில் இறங்கிச் சேற்றை மிதித்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் புளியமரத்துக்குத் தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி இருந்தேன். நீலா நாணலைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். என்னைக்கூட ஒரு தரம் பார்த்தாள். இத்தனை கூட்டம், இத்தனை கூச்சல், மாடு மிரளாவிட்டாலும் ஒரு தடவை திரும்பிப் பார்க்காதா? குடிசைகள் பக்கம் அவள் தலை திரும்பவே இல்லை.

வெயில் தாழ்ந்தபோது குடிசைகள்மேல் மண்ணெண்ணெய் ஊற்ற ஆரம்பித்தார்கள். காற்று எங்கள் பக்கம் வாடையைக் கொண்டுவந்தது. நீலா அதுவரை சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். வாயில் நுரையோடு, தாடை நின்றபடி, நாணலையே பார்த்தாள். காது மட்டும் பின்னால் போயிற்று.

நான் எழுந்து ஓடினேன். அந்தத் தோட்டத்தில் நான் ஓடியது அந்த ஒரு நாள்தான்.

சினிமாக் கம்பெனியில் எல்லா ஏற்பாடும் பார்க்கிறவன் பாபு என்று ஒருத்தன். கழுத்தில் துண்டு, இரண்டு கையிலும் போன்.

"கொளுத்தாதே, உள்ள கன்னு கீது!" என்றேன்.

"எந்தக் குடிசையில ஆயா?"

"தெரியாது. யாருக்கு ஆயா? உன் தலையில பாதி நரைச்சுக் கீது, நான் உனக்கு ஆயாவா?"

"சரிக்கா, கோச்சிக்காதே. எல்லாத்தையும் பாத்துட்டோம்கா. கன்னும் இல்ல, குட்டியும் இல்ல. கொஞ்சம் தள்ளிக்கோ, லைட்டு போய்க்கினே கீது."

நான் இரண்டு குடிசைக்குள் குனிந்து புகுந்து பார்த்தேன். மார்பு உயரத்துக்கு வைக்கோல் கட்டு அடுக்கியிருந்தது. மண்ணெண்ணெய் வாடையில் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டுகளை இழுத்தால் சரியும், இடுக்கில் கன்று கிடந்தால் நசுங்கும். கூப்பிட்டால் அது பதில் சொல்லப்போவதும் இல்லை.

வெளியே வந்தால், ஹமீது சார் நடுக்குடிசை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நைனா, எந்திரி நைனா" என்று பாபு கையெடுத்துக் கும்பிடுகிறான்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி. நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்கிறார் இவர்.

டைரக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர், முகம் வாடியிருந்தது. "கன்னுக்குட்டி இருக்குன்னு தெரிஞ்சா சத்தியமா கொளுத்த மாட்டேன் சார். ஆனா இருக்குன்னு எப்படித் தெரியும்? பிரிச்சு அடுக்கினா இருட்டிடும். எல்லாம் போயிடும்."

ஹமீது சார் என்னைப் பார்த்தார். "சகுந்தலாம்மா, எவ்வளவு நேரம் வேணும்?"

"நேரம் வேணாம் சார். முதுகு வேணும்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. முக்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நான் சொன்னேன்: "காலையிலேர்ந்து அதுக்கு மடி கட்டி வலிக்குது. இத்தினி கண்ணு பாக்குது, எப்படிப் போவும்? எல்லாரும் ஆத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க. அந்த டீசல் மெஷினை நிறுத்துங்க. மைக்குல கத்தாதீங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது. அதுவே போய்க் காட்டும்."

"இருநூறு பேரையும் திரும்பி நிக்கச் சொல்றியாக்கா?" என்றான் பாபு. "என் கல்யாணத்துலகூட எவனும் என் பேச்சைக் கேட்டதில்ல."

டைரக்டர் கையை மட்டும் மேலே தூக்கினார். சினிமாக்காரர்களிடம் ஒரு ஒழுங்கு உண்டு, அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கை தூக்கினதும் சமையல்காரன் கரண்டியைக் கீழே வைத்தான். லைட்காரர்கள் அணைத்தார்கள். ஜெனரேட்டர் நின்றது. ஆட்டக்காரப் பெண்கள், தண்ணி லாரிக்காரர், தலையில் போலிக் கட்டும் போலி ரத்தமுமாக இருந்த கதாநாயகன், சேற்றுக் காலோடு தனம், எல்லோரும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தூரத்தில் பாலத்து மேல் வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது. எதிரே ஆற்றுத் தண்ணீர் சிவந்து கிடந்தது. முதுகுப் பக்கம் ஒரு அசைவும் இல்லை.

என் பக்கத்தில் கதாநாயகன் நின்றார். மெதுவாக, "எவ்வளவு நேரம்மா?" என்றார்.

"பேசாதே" என்றேன். அவர் யார் என்று அப்போது எனக்கு நினைப்பில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னது தப்பானால்? நாணலிலேயே இருந்தால்? வெளிச்சமும் போய், கன்றும் போய், காலையில் லாரியும் வந்துவிட்டால்?

பிறகு புளிய இலைச் சருகு நொறுங்கியது. ஒரு அடி. நின்றது. இன்னும் ஒரு அடி.

கூட்டத்தில் யாருடைய போனோ சட்டைப் பைக்குள் உர்ரென்று அதிர்ந்தது. சருகுச் சத்தம் நின்றுவிட்டது. ஒரு லைட்காரப் பையன் கழுத்தைத் திருப்பப் பார்த்தான். தனம் அவன் கன்னத்தைப் பிடித்து ஆற்றுப் பக்கமே திருப்பினாள். "மூச்சு விடாதீங்கடா டேய்" என்று பாபு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.

மறுபடி சருகு. எங்கள் முதுகுக்கு ரொம்பப் பக்கத்தில், மூச்சின் சூடு தெரிகிற தூரத்தில் அவள் கடந்து போனாள். பிறகு சருகுச் சத்தம் மாறி வைக்கோல் சத்தம் ஆயிற்று. இடது கையோரம், கடைசிக் குடிசை. வாயைத் திறக்காமல் அடித் தொண்டையில் 'ம்ம்' என்றாள். வைக்கோலுக்குள் ஏதோ தடுமாறி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. அப்புறம் அந்தச் சத்தம். சப், சப் என்று, நடுவில் மூக்கால் மடியை முட்டிக்கொண்டு, மறுபடி சப், சப் என்று.

"இன்னாக்கா அது?" என்றான் பாபு, உதடு அசையாமல்.

"பால் குடிக்குது."

அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. டைரக்டர் தூக்கின கையை இன்னும் இறக்கவில்லை.

ஹமீது சார் ஆற்றைப் பார்த்தபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற எனக்கே சரியாகக் கேட்காத குரலில் பேசினார்.

"நாளைக்கு ரெண்டு காளைதாம்பா. நீலா வர மாட்டாங்க."

கன்றை அவர் இன்னும் பார்க்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. போனை உள்ளே வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் ஓய்கிற வரைக்கும் அவரும் திரும்பவில்லை, நாங்களும் திரும்பவில்லை.